துறைமுகத்துக் குமாஸ்தாவைத் தேடி...



நமது மலரில் கணித மேதை இராமானுஜன் அவர்களைப் பற்றி யாராவது ஒருவர் எழுதுவது வழக்கம். டிசம்பர் 22 தேசிய கணித தினம் என்பதால் அது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது. இந்த வருஷம் அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதல் செமஸ்டர் கணக்கில் அரியர் வைத்தவன் நான். அரியர் வச்சவனே மேதையைப் பத்தி எழுதட்டுமே என்று நண்பர்கள் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். என் நைனா ஐந்தாவது வரைக்கும் படித்தவர். ஹார்பரில் கன்டெய்னர்களைக் கப்பலோடு கட்டும் லாஷிங் வேலை பார்க்கிறார். இராமானுஜன் நம்ம ஹார்பரில் முப்பது ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்தவர் என்று நான் சொன்னபோது, நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். எந்த கேட் வழியாக உள்ளே போவார் என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னைத் தேட வைத்தது.

தேடியபோது எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. இராமானுஜன் வாழ்க்கை முழுக்கவே காணாமல் போவதும், யாரோ ஒருவர் தேடிக் கண்டுபிடிப்பதுமாகத்தான் இருந்திருக்கிறது. அதைப் படிக்கப் படிக்க, நம் வகுப்பில் நின்றுபோன ஒரு நண்பனின் ஞாபகமும் கூடவே வந்தது. அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் மேதையைப் பார்ப்போம்.

பதினேழு வயதில் தொலைந்தவர்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதினார். தாய் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். வருமானம் போதாமல், வெளியூர் மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். ஆக, அவர் ஒன்றும் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை.

டவுன் ஹைஸ்கூலில் படிக்கும்போது அவர் கைக்கு ஒரு புத்தகம் கிடைத்தது. கார் என்ற ஆங்கிலேயர், பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்வதற்காகத் தொகுத்த புத்தகம். நாம் கடைசி நேரத்தில் வாங்கும் கைடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! அதில் சுமார் 5,000 சூத்திரங்கள் வரிசையாக இருந்தன. விளக்கம் ரொம்பக் குறைவு. மற்றவர்களுக்குத் தலை சுற்றும் அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு சூத்திரத்தையும் இவர் தானே நிரூபித்துப் பார்த்தார். அங்கிருந்து சொந்தமாகப் புதிய சூத்திரங்களைக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

1904-இல் பள்ளிப் படிப்பை முடித்து, கணக்குக்காகப் பரிசும் வாங்கி, உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் மற்ற பாடங்களில் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை. உதவித்தொகை போய்விட்டது. கல்லூரிக்குக் கட்ட வீட்டில் பணம் இல்லை.

1905 ஆகஸ்டில் ஒருநாள், யாரிடமும் சொல்லாமல் இராமானுஜன் வீட்டை விட்டுப் போய்விட்டார். அப்போது அவருக்கு வயது பதினேழு! தந்தை சென்னைக்கும் திருச்சிக்கும் போய்த் தேடினார். 1905 செப்டம்பர் 2-ஆம் தேதி இந்து பத்திரிகையில் கும்பகோணத்துப் பையன் ஒருவனைக் காணவில்லை என்று செய்தி வந்தது. பிற்காலத்தில் உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதப்போகும் அந்தப் பெயர், முதன்முதலில் அச்சேறிய செய்திகளில் ஒன்று காணவில்லை என்ற செய்தி! அவர் இருந்தது விசாகப்பட்டினத்தில். ஒரு மாதம் போல அலைந்துவிட்டு ஊர் திரும்பினார்.

பெற்றோர் தெற்கிலும் சென்னையிலும் தேடிக்கொண்டிருக்க, பிள்ளை வடக்கே கடலோரமாக அத்தனை தூரம் போயிருக்கிறார். நம் மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் அந்தப் பாதையில்தான் இன்றைக்கும் விசாகப்பட்டினம் போகும் ரயில்கள் போகின்றன. அத்திப்பட்டு புதுநகர் ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த நினைப்பு வருகிறது.

இரண்டு முறை பெயில்!

1906-இல் சென்னை வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அந்தக் கல்லூரி இருந்தது ஜார்ஜ் டவுனில், நம்ம பாரிமுனைப் பக்கம். அங்கேயும் அதே கதைதான். கணக்கில் ஆசிரியர்களே வியந்தார்கள். உடலியல் பாடம் அவர் காலை வாரியது. 1906-இலும் 1907-இலும் எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றுப்போனார். பட்டம் இல்லை. வேலை இல்லை. 1909 ஜூலை 14-இல் ஜானகி என்ற சிறுமியோடு கல்யாணமும் ஆகிவிட்டது. பால்ய விவாகம் சாதாரணமாக நடந்த காலம் அது.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அரியர் வச்சாலும் மேதை ஆகலாம் என்று இந்தக் கதையைச் சொல்லி நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. தோற்ற எல்லோரும் இராமானுஜன் ஆகிவிடுவதில்லை. ஆனால் மார்க் லிஸ்டை மட்டும் பார்த்த எவருக்கும் அந்த ஆள் உள்ளே இருப்பது தெரியவில்லை. மார்க் லிஸ்டைப் பொறுத்தவரை அவர் ஆப்சென்ட்!

வேலை தேடிப் புறப்பட்டார். கையில் சர்டிபிகேட் கிடையாது; இருந்ததெல்லாம் சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள். 1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் போய்ச் சின்னதாக ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். ராமசாமி ஐயர் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் புரட்டிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதனை ஒரு தாலுகா ஆபீஸ் மேசையில் உட்காரவைத்து வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு எழுதி அனுப்பினார். கும்பகோணத்தில் இராமானுஜனுக்குப் பாடம் சொன்ன பி.வி. சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் வழிகாட்டினார். ராமச்சந்திர ராவ் முதலில் நம்பவில்லை. திரும்பத் திரும்பப் பேசிப் பார்த்த பிறகுதான் நம்பினார். நம்பியதும் மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்தே கொடுத்தார். 1911-இல் கணிதக் கழக இதழில் இராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது.

ஆனால் பிறர் தயவில் ரொம்ப நாள் இருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பவும் வேலை தேடினார். அந்தத் தேடல்தான் அவரை நம்ம ஊர்ப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது.

ஹார்பரில் ஒரு குமாஸ்தா

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். ஒதுங்கிய நேரத்தில் கணக்குப் போடுவார். காகிதம் விலை அதிகம் என்பதால் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் குறித்துவைப்பார். ஹார்பரில் கிடக்கும் பார்சல் சுற்றிய தாள்களைக் கூட எழுதுவதற்காகத் தேடுவார் என்று சொல்வார்கள். இதைக் கேட்டதும் நைனா, இப்பவும் அங்கே தாளுக்குப் பஞ்சமில்லை என்றார்.

அந்த ஆபீஸில் அவரைக் கண்டுபிடித்தவர் தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். அவரும் கணிதம் தெரிந்தவர். சாயங்காலங்களில் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்காருவார்களாம். இராமானுஜன் இரண்டு வரியில் தாவிப்போவதை, பத்து வரியாக விரித்து எழுதச் சொல்லி நாராயண ஐயர் வற்புறுத்துவார். தனக்கே புரியவில்லையென்றால் வெளியூர்க்காரனுக்கு எப்படிப் புரியும் என்பது அவருடைய நியாயம். நண்பர்களே, விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, ஸ்டெப் எழுது என்று நம்ம சார் கத்துவாரே... அதேதான்!

துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் என்ஜினியர். கிழக்குப் பார்த்து இருந்த துறைமுக வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றி, புயலிலிருந்து கப்பல்களைக் காத்தவர். நாராயண ஐயர் சொல்லி அவரும் இந்தக் குமாஸ்தா மீது அக்கறை கொண்டார். சென்னை என்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் கிரிஃபித், லண்டனில் இருந்த தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கு எழுதி இந்த ஆள் எப்படி என்று விசாரித்தார். ஒரு கடைநிலைக் குமாஸ்தாவுக்காக இத்தனை பேர் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அந்தக் காலத்தில் இராமானுஜன் ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலி தெருவில் சில காலம் குடியிருந்தார். போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டைத் தேடி நானும் ஒரு நண்பனும் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினோம். ராஜாஜி சாலையில் துறைமுக ஆபீஸை வெளியே நின்று பார்த்துவிட்டு, மண்ணடிக்குள் நுழைந்தோம். மூட்டை வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, கேட்டுக் கேட்டுப் போனோம். கடைக்காரர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் சைக்கிளை நிறுத்தி, டோர் நம்பர் இருக்கா தம்பி என்று கேட்டார். எங்களிடம் நம்பர் இல்லை. 1912-இல் குடியிருந்தவரைத் தேடுகிறோம் என்றதும் சிரித்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

முகவரி இல்லாமல் ஒரு ஆளைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. இராமானுஜனுக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது. அடுத்து அவர் செய்த காரியத்தைப் பாருங்கள்.

ஒரு கடிதம், ஒரு முகவரி

இங்கிலாந்தில் இருந்த பெரிய கணித அறிஞர்களுக்கு அவர் தாமே கடிதம் எழுதினார். பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பேரிடமிருந்து ஒத்தாசை கிடைக்கவில்லை. மூன்றாவதாக 1913 ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு எழுதினார். தான் யார், எங்கே வேலை, சம்பளம் எவ்வளவு, கல்லூரிப் படிப்பு முடிக்கவில்லை என்பதையெல்லாம் மறைக்காமல் எழுதி, கூடவே பக்கம் பக்கமாகச் சூத்திரங்களை வைத்து அனுப்பினார்.

பெரிய மனிதர்களுக்குக் கிறுக்கர்களின் கடிதம் தினமும் வருவது சகஜம். ஹார்டியும் முதலில் அப்படித்தான் நினைத்து ஒதுக்கி வைத்தார். ஆனால் மனசு கேட்கவில்லை. அன்று இரவு நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களை அலசினார். எழுந்திருக்கும்போது இருவருக்கும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. எழுதியவன் மகா மேதை! கடிதத்தில் துறைமுக ஆபீஸ் முகவரி தெளிவாக இருந்ததால், பிப்ரவரியிலேயே பதில் கிளம்பிவிட்டது.

அந்தப் பதில் வந்ததும் சென்னைப் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாதவருக்கு! 1914 தொடக்கத்தில் சொற்பொழிவுக்காகச் சென்னை வந்த நெவில் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரிடம், இராமானுஜனைச் சந்தித்து எப்படியாவது அழைத்துவரும்படி ஹார்டி சொல்லி அனுப்பியிருந்தார். கடல் தாண்டக் கூடாது என்ற ஆசாரம் தடுத்தது. கடைசியில் தாய் சம்மதித்தார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில், கணக்கு எழுதிய அதே ஹார்பரிலிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 14-இல் லண்டன் சேர்ந்தார்.

வெளிச்சத்திலும் தொலைந்தவர்

கேம்பிரிட்ஜில் அவர் சாதித்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் கிடைத்தது. 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோவும் ஆனார். அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஹார்டி வந்த டாக்ஸியின் நம்பர் 1729 என்றதும், இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று உடனே சொன்னார். ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தால் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்!

ஆனால் அந்தக் கதையில் ஆஸ்பத்திரி என்ற வார்த்தையை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். முதல் உலகப் போர்க் காலம். சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம். குளிர் வேறு. 1917-லிருந்து ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. வீட்டில் மாமியார் மருமகள் மனஸ்தாபத்தில் ஜானகி எழுதிய கடிதங்கள் அவருக்குப் போய்ச் சேரவில்லை. உலகமே பெயரைத் தெரிந்துகொண்ட நேரத்தில் அந்த மனிதர் தனியாக இருந்தார். 1918-இல் மனம் உடைந்து லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் உயிரையே விட்டுவிடத் துணிந்தார். அங்கே இருந்த ஒரு ஊழியர் பார்த்து ரயிலை நிறுத்தியதால் பிழைத்தார். போலீஸ் தொல்லையிலிருந்து ஹார்டி மீட்டார்.

அந்த ரயில்வே ஊழியரை நான் அடிக்கடி நினைக்கிறேன். அவருக்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. கவனித்தார்.

1919 மார்ச் 27 அன்று இராமானுஜன் பம்பாயில் கப்பலை விட்டு இறங்கினார். வரவேற்க அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். கண்கள் ஜானகியைத் தேடின. அவர் வரவில்லை, பிறந்த வீட்டாரோடு இருந்தார். பிறகுதான் சென்னையில் கணவரோடு வந்து சேர்ந்தார். கடைசி ஒரு வருஷம் அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்டவர் ஜானகிதான். படுக்கையில் இருந்தபடியே இராமானுஜன் தாள் தாளாக எழுதிக்கொண்டே இருந்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அவருக்கு இருந்தது காசநோய் என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். 1994-இல் ஓர் ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, அது கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்க வேண்டும் என்று எழுதினார். அப்படியென்றால் அந்தக் காலத்திலேயே குணமாக்கியிருக்கக்கூடிய நோய். நோயைக் கூடக் கண்டுபிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று!

இறந்த பிறகும் தேடல்

ஆளோடு கதை முடியவில்லை. அவர் கடைசியாக எழுதிய தாள்களும் காணாமல் போயின. சென்னைப் பல்கலைக்கழகம் 1923-இல் ஒரு கட்டை ஹார்டிக்கு அனுப்பியது. அதில் பல தாள்கள் வாட்சன் என்ற கணித அறிஞரிடம் போயின. 1965-இல் வாட்சன் இறந்தபோது, அவர் அறை முழுக்கத் தரையில் காகிதக் குவியல். சில நாளில் எரிக்கப்பட இருந்த அந்தக் குவியலில் விட்டேக்கர் என்பவர் கையை விட்டு எடுத்தபோது இராமானுஜனின் தாள்கள் வந்தன. 1968 டிசம்பரில் அவை டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கேயும் ஒரு பெட்டிக்குள் சத்தமில்லாமல் கிடந்தன. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கர் வேறு வேலையாக அந்த நூலகத்துக்கு வந்து, பெட்டியைத் திறந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள்! அதைத்தான் தொலைந்த நோட்டுப் புத்தகம் என்கிறார்கள்.

பழைய நோட்டுகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சூத்திரங்களுக்கு ஸ்டெப் கண்டுபிடிக்க புரூஸ் பெர்ண்ட் என்பவர் பல ஆண்டுகள் உழைத்தார். 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய புத்தகங்களாக அது வந்தது. தொலைந்த நோட்டுக்கு ஆண்ட்ரூஸும் அவரும் சேர்ந்து இன்னும் ஐந்து புத்தகங்கள் எழுதினார்கள். கடைசிப் புத்தகம் வந்தது 2018-இல். இராமானுஜன் சிலேட்டில் முழங்கையால் அழித்ததை உலகம் நூறு வருஷமாகத் தேடியிருக்கிறது!

இப்போது நம்ம ஏரியாவுக்கு வருவோம். முத்தியால்பேட்டை ஹைஸ்கூலில் பி.கே. சீனிவாசன் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். இராமானுஜனோடு பழகியவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்த காலம். இவர்களும் போய்விட்டால் அந்த மனிதர் நிரந்தரமாகத் தொலைந்துவிடுவார் என்று புரிந்துகொண்ட வாத்தியார், அவர்களைத் தேடித் தேடிக் கடிதங்களையும் நினைவுகளையும் சேகரித்தார். 1968-இல் அவை புத்தகமாக வந்தன. பிற்பாடு வந்த பெரிய பெரிய வாழ்க்கை வரலாறுகளுக்கெல்லாம் அதுதான் அஸ்திவாரம். 1993-இல் அவர் முயற்சியால் ராயபுரத்தில் இராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகமும் தொடங்கப்பட்டது. கேம்பிரிட்ஜ்காரர்கள் செய்ததற்குக் கொஞ்சமும் குறைவில்லாத வேலையை, நம்ம வடசென்னைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் செய்திருக்கிறார் என்பதை எண்ணும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஜானகி அம்மாள் கதையையும் சொல்லாமல் விட முடியாது. கணவர் இறந்தபோது அவருக்கு இருபது வயது தாண்டியிருந்தது, அவ்வளவுதான். பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தபடி தையல் கற்றுக்கொண்டு, பிறகு சென்னை வந்து திருவல்லிக்கேணியில் துணி தைத்தே வாழ்ந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த சின்ன பென்ஷன் கூட ஒத்தாசையாக இருந்தது. தாயை இழந்த ஒரு பையனைத் தன் பிள்ளையாக வளர்த்துப் படிக்கவைத்தார். உலகம் சூத்திரங்களைத் தேடியது. அவரைத் தேடி ரொம்ப நாள் யாரும் வரவில்லை. கணவருக்கு ஒரு சிலை கூட வைக்கவில்லையே என்று அவர் வருந்தியது வெளியே தெரிந்ததும், ரிச்சர்ட் ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் முன்நின்று பல நாட்டு அறிஞர்களிடம் பணம் திரட்டினார். பால் கிரான்லண்ட் என்ற சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலை செய்தார். ஒன்று ஜானகி அம்மாளிடமே வந்து சேர்ந்தது. 1994 ஏப்ரல் 13-இல் அம்மையார் காலமானார்.

நம்ம வகுப்பு நண்பன்

நண்பர்களே! இனி நான் சொல்லவந்த விஷயம்.

நான்காவது செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகு எங்கள் வகுப்பில் ஒருவன் வரவில்லை. ஐந்து அரியர். வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறினான். போன் ஸ்விட்ச் ஆஃப். முதல் வாரம் விசாரித்தோம். இரண்டாவது வாரம் மறந்தோம். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அவன் நம்பர் வந்தால், யாராவது ஆப்சென்ட் சார் என்று ராகமாகச் சொல்வார்கள், எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அரியர் என்றால் என்னவென்று தெரிந்த நானே சிரித்தேன்.

1912-இல் குடியிருந்தவரைத் தேடி மண்ணடி வரைக்கும் போன எனக்கு, நாலு ஸ்டேஷன் தள்ளி இருந்தவனைத் தேடத் தோன்றவில்லை. அன்று திரும்பி வரும் ரயிலில் இதை என் நண்பன்தான் சொன்னான். இரண்டு பேரும் பேசாமல் எண்ணூரில் இறங்கிவிட்டோம். அவன் பழைய வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க, எங்கேன்னு தெரியாது என்றார்கள். அடுத்த வாரம் பக்கத்து மளிகைக் கடை அக்கா, அவன் அம்மா திருவொற்றியூரில் வீட்டு வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதற்கும் அடுத்த வாரம், நைனாவோடு வேலை செய்யும் ஒருவர் மூலமாக, மணலிப் பக்கம் லாரி பட்டறை ஒன்றில் அப்படி ஒரு பையன் இருக்கிறான் என்று தெரிந்தது. நான்காவது ஞாயிற்றுக்கிழமை போனோம்.

லாரிக்கு அடியிலிருந்து கிரீஸ் கையோடு வெளியே வந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அப்பா படுத்த படுக்கையாக இருக்கிறாராம். அதைச் சொல்ல வெட்கம். அரியரைச் சொல்ல அதைவிட வெட்கம். ஒருத்தனாவது வருவீங்கன்னு முதல் மாசம் எதிர்பார்த்தேன், அப்புறம் விட்டுட்டேன் என்றான். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவன் திரும்ப வந்துவிட்டான் என்று எழுதி முடிக்கத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அது உண்மை இல்லை. ரீ-அட்மிஷன் பற்றி ஆபீஸில் விசாரித்துச் சொல்லியிருக்கிறோம். யோசிக்கிறேன் என்றிருக்கிறான். அரியர் பரீட்சைக் கட்டணத்துக்கு வகுப்பில் பணம் சேர்த்து வைத்திருக்கிறோம், இன்னும் வாங்கவில்லை. ஆனால் கிளம்பும்போது என் நோட்டை வாங்கி, கிரீஸ் படாமல் விரல் நுனியில் பேனாவைப் பிடித்து, புது வீட்டு முகவரியையும் போன் நம்பரையும் அவனே எழுதிக் கொடுத்தான். டோர் நம்பரோடு!

இராமானுஜன் கிடைத்ததற்கு இரண்டு காரணம். அவர் தம் முகவரியை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார்; இரண்டு பேர் கைவிட்டும் மூன்றாவது ஆளுக்கு எழுதினார். இன்னொரு பக்கம் ஒரு டெபுடி கலெக்டர், ஒரு தலைமைக் கணக்கர், ஒரு பேராசிரியர், ஒரு ரயில்வே ஊழியர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்று யாரோ ஒருவர் நின்று பார்த்தார்கள். இதில் எதற்கும் கணித மேதையாக இருக்க வேண்டியதில்லை. நம்மாலும் முடியும்.

இந்த மலரைப் படிக்கும் ஒவ்வொரு வகுப்பிலும் இப்படி ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் வரும்போது சிரிக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். வீடு மாறியிருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். நின்றுபோன நண்பன் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள், முகவரியோடு.

நைனா கேட்ட கேள்விக்கு, எந்த கேட் என்று எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. ஆனால் நைனா இப்போது ஷிப்டுக்குப் போகும்போது, ஜீரோ கேட் வந்ததும் இராமானுஜன் ஞாபகம் வருகிறது என்கிறார். அவரைப் பொறுத்தவரை அது போதுமாம்.



— மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்,
வள்ளூர்.